பரிசல்காரர்கள் பரீட்சைக்குப் படித்தது

கோணத்துறையில் ஆற்றைக் கடக்க ஒரே ஒரு பரிசல்தான். அதற்கு மூன்று பரிசல்காரர்கள். ஓர் ஆள் துடுப்புப் போட்டாலே அக்கரை போய்ச் சேருகிற ஆறுதான் அது. ஆனால் தனியாக ஓட்டும்போது நடு ஆற்றில் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் யாரைக் கேட்பது? அதனால் மூன்று பேர்.

மூத்தவர் நாச்சிமுத்து. முடிவு எடுப்பதெல்லாம் அவர்தான். அடுத்தவர் அவருடைய சித்தப்பா மகன் பொங்கியண்ணன். ஞாபகசக்தி அதிகம் என்று ஊரில் பேர் வாங்கியவர். எதனால் அந்தப் பேர் வந்தது என்று அவருக்கு ஞாபகமில்லை. கடைசி ஆள் பொங்கியண்ணனின் மச்சினன் ராக்கியப்பன். கடைசி என்றாலும் வயது நாற்பத்தெட்டு.

மூவரும் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். சிக்கலே அங்கேதான். ஒருநாள் ஒரு தேங்காய் வியாபாரி கரையில் மூட்டையை இறக்கிவிட்டு, "கொஞ்சம் பார்த்துக்கங்க, டீ குடிச்சுட்டு வந்துடறேன்" என்று போனார். மூவரும் மூட்டையைப் பார்த்தபடி நின்றார்கள். எவனோ ஒருவன் மூட்டையைத் தூக்கி டெம்போவில் போட்டபோதும் பார்த்தார்கள். டெம்போ புளியமரத்து வளைவில் மறைகிறவரை, கண் கொட்டாமல் பார்த்தார்கள். வியாபாரி வந்து கத்தியபோது நாச்சிமுத்துவுக்கு வருத்தமாகிவிட்டது. "கடைசி வரைக்கும் பார்த்தோமுங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியல, அதுக்கு நாங்க என்ன பண்றதுங்க?"

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பரீட்சை வந்தது.

அரசு அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பரிசல் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பாதுகாப்புத் தேர்வு எழுதியாக வேண்டும். தேர்வுக்கு இருபது கேள்விகள். பதில்களையும் அவர்களே கீழே அச்சடித்திருந்தார்கள். படித்து ஒப்பித்தால் போதும். தேறாவிட்டால் உரிமம் ரத்து. உரிமம் போனால் துறையை மூடிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் சந்தைக்குப் போக வேண்டுமென்றால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் போக வேண்டும். மூவருக்கும் வேறு தொழில் எதுவும் தெரியாது. பொங்கியண்ணன் முன்பு ஒருதரம் ஆடு மேய்த்துப் பார்த்தார். சாயங்காலம் ஆடுகள்தான் அவரைத் தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தன.

நாச்சிமுத்து அன்றைக்குச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. "அஞ்சாவதுல பெயிலானப்ப எங்கய்யன் மட்டுந்தான் அடிச்சாரு. இதுல பெயிலானா ஊரே அடிக்கும்" என்றார்.

தினமும் காலை எட்டரை மணிக்குப் பரிசலில் அக்கரைக்குப் போகிறவள் பூங்கோதை. குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிப்பவள். அக்கரை நூலகம்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டு மாதிரி வெட்டி, வெள்ளையாக இருக்கும் இடத்தில் ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதி வைத்துக்கொண்டு, பரிசல் அக்கரை சேர்வதற்குள் இருபது முப்பது சீட்டுகளைப் புரட்டிவிடுவாள்.

நாச்சிமுத்து அவளிடம் தாளை நீட்டினார். "ஏனுங் அம்மிணி, இதை எப்படிங் படிக்கிறது?"

"ரொம்ப சுலபமுங்ணா. கேள்விக்கு ஒரு அட்டை. மொத்தம் இருபது அட்டை தயார் பண்ணுங்க. முன்பக்கம் கேள்வி எழுதுங்க, பின்பக்கம் பதில் எழுதுங்க. அப்புறம் பாருங்க, அப்படியே மனசுல ஒட்டிக்கும்."

அவளை இறக்கிவிட்டுத் திரும்பியதும் ஆலோசனை தொடங்கியது.

"அட்டைன்னா எந்த அட்டை?" என்று கேட்டார் ராக்கியப்பன்.

"ஒட்டிக்கும்னு அம்மிணி சொல்லுச்சுல்ல. ஒட்டுற அட்டை வேற எது? எருமைக் குட்டையில கெடக்குதே, அதுதான்" என்றார் நாச்சிமுத்து.

"ஆனா அம்மிணி கையில ஏதோ காகிதமல்லவா வச்சிருந்துச்சு?"

நாச்சிமுத்து பரிதாபமாகப் பார்த்தார். "அது கல்யாணப் பத்திரிகைடா. மூலையில மஞ்சள் தடவியிருந்துச்சே, பார்க்கலயா? அந்தப் புள்ளைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் ஜாஸ்தி."

மத்தியானம் மூவரும் எருமைக் குட்டையில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றார்கள். தேடவே வேண்டியிருக்கவில்லை, அட்டைகளே தேடி வந்தன. கால் மணி நேரத்தில் இருபத்து மூன்று. மூன்று அதிகம் என்பதால் அவற்றை மரியாதையாகத் திருப்பி விட்டார்கள். இருபதையும் ஒரு தூக்குப்போசியில் போட்டு மூடிக்கொண்டு கரையேறினார்கள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. "பரிசலில் அதிகபட்சம்" என்று நாச்சிமுத்து பேனாவால் எழுத ஆரம்பிக்கும்போது நீளமாக இருந்த அட்டை, "ப" முடிவதற்குள் சுருண்டு மிளகு அளவுக்கு வந்துவிட்டது.

"இதுல முன்பக்கம் எது?" என்றார் பொங்கியண்ணன்.

"வாய் இருக்கறது முன்பக்கம்."

"ரெண்டு பக்கமும் ஒட்டுதுங்ணா."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். அட்டை இந்த நுனியிலும் ஒட்டியது, அந்த நுனியிலும் ஒட்டியது. வெகுநேரம் யோசித்துவிட்டு நாச்சிமுத்து சொன்னார்: "அப்படின்னா இதுக்கு ரெண்டுமே முன்பக்கம். கேள்விதான் எழுத முடியும். பதில் எழுத எடமே இல்லை. அதனாலதான் இந்தப் பரீட்சை கஷ்டம்னு சொல்றாங்க."

மறுநாள் காலை பரிசலில் வைத்து, "பாருங் அம்மிணி, இருபதும் தயார்" என்று ராக்கியப்பன் பெருமையாகத் தூக்குப்போசியைத் திறந்தார். பூங்கோதை போட்ட கூச்சலில் அக்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அவள் கோபம் தணிந்ததும், தன் பையிலிருந்து மிச்சப் பத்திரிகைகளை எடுத்துத் தானே இருபது துண்டு வெட்டினாள். எழுத்து எழுத்தாகச் சொல்லி, அவர்கள் கையாலேயே எழுத வைத்தாள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். நூலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். இறங்கும்போது, அந்த எரிச்சலில், போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்குதுங்ணா. அதுக்குள்ள இருபதையும் கரைச்சுக் குடிச்சிருக்கோணும்."

அன்று மாலை நாச்சிமுத்து வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி அண்டாவை ஏற்றினார்கள்.

பச்சைத் தண்ணீரில் கரைப்பதா, வெந்நீரிலா என்று முதலில் பேச்சு எழுந்தது. வெந்நீரில் சீக்கிரம் கரையும் என்று முடிவாயிற்று. அடுத்தது வெல்லம். வெல்லம் போட்டால் பதில் மாறிவிடுமோ என்று பொங்கியண்ணன் பயந்தார். "இனிப்பா சொன்னா அதிகாரிக்கும் பிடிக்கும்ல" என்றார் நாச்சிமுத்து. போட்டார்கள். ஒரு மணி நேரம் கிண்டியதில் பத்திரிகைகள் கூழாகிப் பொன்னிற எழுத்துகள் மேலே மிதந்தன. ஆளுக்கு இரண்டு சொம்பு.

"கேள்வி அடியில தங்கிடப் போகுது, நல்லாக் கலக்கிக் குடிங்க" என்று நாச்சிமுத்து எச்சரித்தார்.

விடிந்ததும் மூவர் வயிறும் கடமுடாவென்றது. பொங்கியண்ணன் ஓர் ஏப்பம் விட்டுவிட்டு, கண்ணை மூடி, "ஏழாவது கேள்வின்னு நெனைக்கிறேன்" என்றார். இரண்டாவது ஏப்பத்தில் மணமகன் பெயர் வந்ததாகச் சொன்னார். மூன்றாவதற்கு அவர் காத்திருக்கவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடினார். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். படித்ததெல்லாம் அன்று மத்தியானத்துக்குள் மறந்துவிட்டது.

இந்தத் தடவை பூங்கோதை கத்தவில்லை. ஒரு நீண்ட மூச்சு விட்டாள். வீட்டில் உட்கார்ந்து தானே இருபது அட்டைகளையும் எழுதி, கரையாதபடி ஒவ்வொன்றின் மேலும் செல்லோ டேப் ஒட்டிக் கொண்டுவந்தாள்.

"குடிக்கக் கூடாது. நனைக்கக் கூடாது. பார்த்துப் படிக்கோணும். இருபதும் விரல் நுனியில இருக்கோணும்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் அதற்குள் அக்கரையில் நூலகத்துக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

கைவிரல் பத்து, கால்விரல் பத்து, ஆக இருபது. கணக்கு இவ்வளவு பொருத்தமாக வருமென்று மூவரும் எதிர்பார்க்கவில்லை. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான். எண்ணிப் பார்த்துத்தான் சொல்லியிருக்குது" என்றார் நாச்சிமுத்து. ராக்கியப்பனைப் பரிசலில் மல்லாக்கப் படுக்க வைத்து, விரலுக்கு ஓர் அட்டையாக நூலில் கட்டினார்கள். இடது காலுக்கு வரும்போது வேலை நின்றது. சுண்டுவிரலைக் காணோம். சின்ன வயதில் விறகு பிளக்கும்போது போனது என்று ராக்கியப்பன் வெட்கத்தோடு சொன்னார்.

"பரீட்சை வரும்னு தெரிஞ்சிருந்தா ஜாக்கிரதையா இருந்திருப்பேனுங்க."

"அழுகாதடா. இருபதாவதைக் காதுல கட்டிக்கலாம்" என்று தேற்றினார் பொங்கியண்ணன்.

பிறகு மற்ற இருவரும் தங்களுக்கும் விரல் நுனி உண்டு என்று உணர்ந்து, இருபதையும் மூவரின் கைவிரல்களுக்குமாகப் பிரித்துக் கட்டிக்கொண்டார்கள். விரலெல்லாம் அட்டையாக இருந்ததால் யாராலும் துடுப்பைப் பிடிக்க முடியவில்லை. பரிசல் நடு ஆற்றில் சுற்றத் தொடங்கியது. உள்ளே சந்தைக்குப் போகிற நான்கு பேரும் ஒரு வெள்ளாடும் இருந்தார்கள். பதினேழு சுற்று. வெள்ளாடு பயத்தில் எட்டாம் எண் அட்டையைத் தின்றுவிட்டது.

"ஆடு பாஸாயிடும்" என்றார் ராக்கியப்பன் பொறாமையோடு.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது பூங்கோதை ஒரு முடிவுக்கு வந்தாள். இனி இவர்களிடம் உவமை, உருவகம், பேச்சுவழக்கு எதுவும் கூடாது. சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும். எட்டாம் அட்டையைப் புதிதாக எழுதினாள். மூவரையும் வரிசையாக உட்கார வைத்தாள். ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"ராக்கியண்ணா, நீங்க அட்டையைப் பார்த்துக் கேள்வியைக் கேளுங்க. பொங்கியண்ணா, நீங்க பதிலைச் சொல்லுங்க. நாச்சியண்ணா, பதில் சரியா இருந்தா சரின்னு சொல்லுங்க. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். அஞ்சு நாளும் இதையே பண்ணுங்க."

இதில் புரியாமல் போக எதுவும் இல்லை. மூவருக்கும் நன்றாகப் புரிந்தது. அன்றிலிருந்து பரிசலில் எப்போது ஏறினாலும் இதுதான் சத்தம்.

"துடுப்பு உடைந்தால் என்ன செய்ய வேண்டும்?"

"உள்ளே இருக்கும் மாற்றுத் துடுப்பை எடுக்க வேண்டும்."

"சரி."

நான்காம் நாள் பூங்கோதை கண்ணை மூடிக் கேட்டாள். அட்டையைப் பார்க்காமலே ராக்கியப்பன் இருபது கேள்விகளையும் கேட்டார். தடங்கல் இல்லாமல் பொங்கியண்ணன் இருபது பதில்களையும் சொன்னார். நாச்சிமுத்துவின் "சரி"யில் ஒரு நீதிபதியின் கம்பீரமே வந்திருந்தது. தன் பரீட்சையில் தேறினால்கூட இவ்வளவு சந்தோஷம் வருமா என்று நினைத்தாள்.

பரீட்சை நாள் வந்தது. அதிகாரி தணிகாசலம், வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் ஒரு கோப்புமாக வந்து சேர்ந்தார். பரிசல் ஓடும்போதே கேள்வி கேட்பது அவர் வழக்கம். அவரும் ஏறினார், நூலகத்துக்குப் போகிற பூங்கோதையும் ஏறினாள். நடு ஆற்றுக்கு வந்ததும் அவர் கோப்பைத் திறந்தார்.

"மூத்தவர் முதல்ல. சொல்லுங்க, பரிசலில் அதிகபட்சம் எத்தனை பேரை ஏற்றலாம்?"

"சரி" என்றார் நாச்சிமுத்து.

"எது சரி?"

"கேள்வி சரிதானுங்க. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லீங்."

தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுங்க" என்று ராக்கியப்பன் பக்கம் திரும்பினார். "ஆற்றில் வெள்ள அபாயக் கொடி ஏற்றியிருந்தால் பரிசல் ஓட்டலாமா?"

ராக்கியப்பன் முகம் மலர்ந்தது. "அடுத்த கேள்வி, வயதானவர்களையும் குழந்தைகளையும் பரிசலில் எங்கே உட்கார வைக்க வேண்டும்?"

"நான் உங்களைக் கேட்டேன்யா!"

"நானும் கேட்டுட்டேனுங்க. மொத்தம் இருபதும் கேட்பேன். வேணும்னா கடைசியிலிருந்து கேட்கட்டுங்களா?"

பூங்கோதைக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. தலையில் கை வைத்துக்கொண்டாள். பொங்கியண்ணனோ வாய்க்குள் இருபது பதில்களையும் அடக்கிக்கொண்டு, ராக்கியப்பன் எப்போது தன்னைக் கேட்பான் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளையாடறீங்களா!" என்று தணிகாசலம் எழுந்து நின்றார்.

பரிசலில் பயணிகள் எழுந்து நிற்கலாமா என்பது பதினான்காவது கேள்வி. கூடாது என்பது பதில். அது பொங்கியண்ணனுக்குத் தெரியும். ஆனால் கேள்வி இன்னும் வரவில்லையே. பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது. கோப்பு ஒரு பக்கமும் அதிகாரி ஒரு பக்கமுமாகத் தண்ணீரில் விழுந்தார்கள்.

"ஐயோ! நீச்சல் தெரியாது! காப்பாத்துங்க!"

மூவரும் பதறிப்போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "என்னங்ணா பண்றது?" என்றார் பொங்கியண்ணன். "அது நம்ம பாடத்துல வருதே!" என்று துள்ளினார் ராக்கியப்பன். முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"பயணி ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் பரிசல் ஓட்டி முதலில் செய்ய வேண்டியது என்ன?"

"கயிறு கட்டிய மிதவையை அவர் கைக்கு எட்டும்படி வீச வேண்டும்" என்றார் பொங்கியண்ணன் கணீரென்று.

"சரி" என்றார் நாச்சிமுத்து.

மூவரும் மலர்ந்த முகத்தோடு அதிகாரியைப் பார்த்தார்கள்.

"சரின்னா வீசுங்கய்யா!" தணிகாசலம் ஒரு மடக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கத்தினார்.

"வீசறதுக்கு ஆள் போடலீங்களே" என்றார் நாச்சிமுத்து கவலையோடு. "கேட்க ஒருத்தர், சொல்ல ஒருத்தர், சரி பார்க்க ஒருத்தர். அம்மிணி மூணு வேலைதான் குடுத்துச்சுங்க."

பூங்கோதை அதற்குள் மிதவைக்கென்று கயிறு கட்டி வைத்திருந்த லாரி டியூபைத் தூக்கி வீசிவிட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு தணிகாசலம் பரிசலுக்குள் உருண்டு விழுந்தார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உரிமம் ரத்து" என்றார் முதல் வார்த்தையாக.

மூவர் முகமும் செத்துவிட்டது. நாச்சிமுத்து துடுப்பை மடியில் வைத்து, குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவினார். பூங்கோதையால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சார், தப்பு என் மேலதான். நான் சொல்லிக் கொடுத்தபடிதான் படிச்சாங்க. ஓடுறது ஒரு பரிசல், ஓட்டறது மூணு பேர். மூணு பேரையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்க சார், ஒரே ஒருதரம்."

தணிகாசலம் இந்தக் கரையைப் பார்த்தார். அந்தக் கரையைப் பார்த்தார். இரண்டும் சம தூரத்தில் இருந்தன. துடுப்பு நாச்சிமுத்துவின் மடியில் இருந்தது. சேர்த்துக் கேட்கக் கூடாது என்று விதிகளில் எங்கும் சொல்லியிருப்பதாக அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. இரண்டு கையாலும் பரிசலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "சரி, கேளுங்க" என்றார்.

ராக்கியப்பன் கேட்டார். பொங்கியண்ணன் சொன்னார். நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு "சரி" என்றார். இருபதுக்கு இருபது. இத்தனை வருட வேலையில் இருபதுக்கு இருபது வாங்கியவர்களைத் தான் கண்டதே இல்லை என்று தணிகாசலம் ஒத்துக்கொண்டார். அக்கரை சேர்ந்ததும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வீட்டுக்குப் பாலம் வழியாகத்தான் போனாராம்.

பத்து நாள் கழித்து, காலை எட்டு மணிக்குத் தபாலில் சான்றிதழ் வந்தது. மூவருக்கும் சேர்த்து ஒன்று. அரசு முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. நாச்சிமுத்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் குரல் தயங்கியது.

"இச்சான்றிதழ் இன்று முதல் மூன்று ஆண்டுகள் செல்லும்."

"எங்க செல்லுமாம்?" என்றார் ராக்கியப்பன்.

"அது போடல."

"இன்று முதல்னா இன்னைக்கே கெளம்பணுமே. எப்படிப் போகும்? நடந்தா?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பரிசல்காரன் சான்றிதழ் நடந்து போனா நமக்கு மரியாதையாடா?"

எட்டரைக்குப் பூங்கோதை துறைக்கு வந்தாள். கரையில் பத்துப் பேர் சந்தைக் கூடைகளோடு நின்றார்கள். மூவரும் முழங்கால் தண்ணீரில் நின்று ஆற்றின் போக்கில் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்து வளைவில் பரிசல் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்து, மறைந்தது. உள்ளே, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்து, சான்றிதழ்.

"பரிசல் எங்கீங்ணா?"

"சான்றிதழை ஏத்தி அனுப்பியாச்சுங் அம்மிணி. மூணு வருஷம் செல்லுமாம்" என்றார் நாச்சிமுத்து. "திரும்பி வரும்போது எதிர்த்தண்ணி. அதனால நாலுன்னே வச்சுக்கங்க."

அப்போதுதான் ராக்கியப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டு அலறினார். "அண்ணா! மூணு வருஷப் பயணம்! வழிக்குச் சோறு கட்டிக் குடுக்கலயே!"

மூவரும் தங்கள் மத்தியானச் சோற்றுப்போசியைத் தூக்கிக்கொண்டு கரையோரமாகவே ஓடினார்கள். இரண்டு வளைவு தாண்டி, ஒரு பாறை இடுக்கில் பரிசல் சிக்கி நின்றது. மூச்சு வாங்க மூவரும் இறங்கிப்போய், சான்றிதழுக்குப் பக்கத்தில் சோற்றுப்போசியை வைத்தார்கள். ஓரமாகக் கொஞ்சம் ஊறுகாயும் வைத்தார்கள்.

பிறகு, ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து எண்ணி, பரிசலைப் பாறையிலிருந்து விடுவித்து, நன்றாக நடு ஆற்றுக்குத் தள்ளிவிட்டார்கள்.